பாராட்டுக்குக் கணக்கு உண்டா?

உங்கள் அறிவியல் கழகத்தின் கடைசிக் கூட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பொறுப்பாசிரியர், "முதலில் ஒவ்வொருவரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவோம்" என்கிறார். வட்டமாக அமர்ந்திருக்கும் பத்துப் பேரும் வரிசையாகச் சொல்கிறார்கள்: "நல்ல குழு", "எல்லாரும் நன்றாகச் செய்தோம்", "ஒற்றுமையாக இருந்தோம்." ஏழாவது ஆள் பேசும்போது எட்டாவது ஆள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். பள்ளி வேன் வரும் நேரம். ஆய்வுத் திட்டத்திற்காக மூன்று வாரம் தனியாக உட்கார்ந்து அளவெடுத்த மாணவியின் பெயர் ஒருமுறைகூட யார் வாயிலும் வரவில்லை.

இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் வேலைக்குப் போவீர்கள். அங்கும் திங்கட்கிழமை காலையில் இதே மாதிரி ஒரு கூட்டம் இருக்கும். அங்கே வரும் பயிற்றுநர் ஒருவர் வெண்பலகையில் பெரிதாக '3:1' என்று எழுதக்கூடும். ஒரு குறை சொன்னால் மூன்று பாராட்டுச் சொல்ல வேண்டுமாம். அப்போதுதான் குழு செழிக்குமாம். அறிவியல் நிரூபித்த உண்மை என்றும் சொல்வார். அந்த எண்ணுக்கு ஒரு கதை இருக்கிறது. அறிவியல் படிக்கும் நீங்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

அமெரிக்காவில் மார்சியல் லொசாடா என்ற ஆய்வாளர், நிறுவனங்களில் வேலை செய்யும் 60 குழுக்களின் கூட்டங்களைக் கவனித்தார். ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் அமர்ந்து, யார் பாராட்டிப் பேசுகிறார்கள், யார் குறை சொல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். இதுவரைக்கும் பிழை இல்லை. கூட்டத்தை உற்றுக் கவனிப்பது நல்ல ஆய்வுதான். அடுத்த படியில்தான் சிக்கல். 2005இல் லொசாடாவும் உளவியல் பேராசிரியர் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நல்லுணர்வுக்கும் எதிர்மறை உணர்வுக்கும் இடையிலான விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால்தான் மனிதர்கள் செழிப்பார்கள் என்றது அந்தக் கட்டுரை. அந்த எல்லை எவ்வளவு தெரியுமா? 2.9013.

நிறுத்தி அந்த எண்ணை இன்னொரு முறை பாருங்கள். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம். உங்கள் இயற்பியல் ஆசிரியர் முக்கிய இலக்கங்களைப் பற்றி நச்சரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்டிமீட்டர் வரை மட்டும் கோடு போட்ட அளவுகோலை வைத்துக்கொண்டு மேசையின் நீளம் 82.4137 சென்டிமீட்டர் என்று நீங்கள் எழுதினால் அவர் என்ன செய்வார்? சிவப்பு மையில் சுழிப்பார். மனித மகிழ்ச்சியை அளக்க நம்மிடம் அந்த அளவுகோல்கூட இல்லை.

அந்த எண் வந்த வழி அதைவிட வியப்பானது. 1963இல் எட்வர்ட் லாரென்ஸ் என்ற வானிலை அறிஞர், அடியில் சூடேறும்போது காற்றும் நீரும் எப்படிச் சுழல்கின்றன என்பதை ஆராய மூன்று சமன்பாடுகளை எழுதினார். வண்ணத்துப்பூச்சியின் சிறகு போலத் தோன்றும் அந்த வளைகோட்டுப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். அதே சமன்பாடுகளைத்தான், லாரென்ஸ் எடுத்துக்கொண்ட 10, 8/3 என்ற மதிப்புகளைக்கூட மாற்றாமல், மனிதர்களின் கூட்டங்களுக்குப் பொருத்தினார்கள். சுடுநீருக்கான கணக்கு அலுவலக அறைக்கு எப்படிப் பொருந்தும் என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கமே இல்லை. ஆனாலும் பல ஆண்டுகள் அந்தக் கட்டுரையைப் பலரும் மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கேள்வி கேட்டவர் புகழ்பெற்ற பேராசிரியர் அல்லர். நிக் பிரவுன் என்பவர், நடுத்தர வயதில் இங்கிலாந்தில் பகுதிநேரமாக முதுகலை படிக்கப் போனவர். வகுப்பில் இந்த எண்ணைப் பார்த்து, "இது எப்படி வந்தது?" என்று கேட்டார். பிறகு இயற்பியலாளர் ஆலன் சோக்கல், உளவியலாளர் ஹாரிஸ் ஃபிரீட்மன் ஆகியோருடன் சேர்ந்து 2013இல் அந்தக் கணிதத்தைப் பிரித்துப் போட்டார். அதே ஆண்டில் அந்தக் கணிதப் பகுதி முறைப்படி திரும்பப் பெறப்பட்டது. ஒரு மாணவரின் கேள்விதான் இத்தனையையும் செய்தது.

அப்படியென்றால் பாராட்டே வீண் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. வேறோர் ஆய்வைப் பாருங்கள். 2010இல் ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜினோ ஆகிய இருவரும் வெளியிட்டது. ஒரு மாணவர் எழுதிய வேலை விண்ணப்பக் கடிதத்தைத் திருத்திக் கொடுக்கும்படி சிலரிடம் கேட்டார்கள். திருத்தியவர்களில் ஒரு பாதியினருக்கு, "உங்கள் கருத்துகள் கிடைத்தன" என்ற வகையில் வெறும் பதில் போனது. மறுபாதியினருக்கு அதோடு மனமார்ந்த நன்றியும் போனது. இன்னொரு கடிதத்தையும் பார்த்துத் தர முடியுமா என்று இரு சாராரிடமும் கேட்டபோது, வெறும் பதில் பெற்றவர்களில் 32 விழுக்காட்டினர் உதவினார்கள். நன்றி பெற்றவர்களில் 66 விழுக்காட்டினர். இரண்டு வரி நன்றி, இரண்டு மடங்கு உதவி. அடுத்த சோதனையில், உதவி கேட்டவர் முற்றிலும் வேறு ஆள். அப்போதும் நன்றி பெற்றவர்களே கூடுதலாக உதவினார்கள். 'நான் செய்தது ஒருவருக்குப் பயன்பட்டது' என்ற உணர்வுதான் காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

இங்கே கவனியுங்கள், அந்த நன்றி ஒருவருக்கு, அவர் செய்த ஒரு வேலைக்காகச் சொல்லப்பட்டது. "எல்லாரும் சபாஷ்" என்பது அந்த வகையில் சேராது. (மலாய்க்காரர்களும் 'சியாபாஸ்' என்கிறார்கள், வேர் ஒன்றுதான். இரண்டு மொழியிலும் அதைச் சொல்வது மிகச் சுலபம்.) "வெப்பமானி பழுதான அன்று நீ பக்கத்து ஆய்வுக்கூடத்தில் போய்க் கேட்டு வாங்கி வந்தாய். அதனால்தான் அன்றைய அளவு விடுபடவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். அந்த வாக்கியத்தைச் சொல்ல, நீங்கள் அவரைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்காதவர் வாயில் அது வராது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் ஒழுகுகிறதா என்று பார்ப்போம். சலிப்பான வேலைதான். ஆனால் அந்தக் கையுறை யாரோ ஒரு தாதியின் கையில் ஏறப்போகிறது. எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் 'பாராட்டு நேரம்' என்றே ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். கைதட்டல் பலமாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை, எங்களோடு வேலை செய்த இளம்பெண் ஒருத்தி எழுந்து, சனிக்கிழமை அவசரத்தில் ஒரு தொகுதியை ஒரு நிமிடத்திலேயே இறக்கிவிட்டதாகவும், அதை மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் சொன்னாள். அவளாகவே சொன்னாள், யாரும் கண்டுபிடிக்கவில்லை. மேற்பார்வையாளர் எல்லார் முன்னிலையிலும் அவளை வறுத்தெடுத்தார். பிறகு வழக்கம்போலப் பாராட்டு நேரம் வந்தது. நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன் என்பதை இன்றுவரை மறக்க முடியவில்லை. அதற்குப் பின் இரண்டு மாதம் எங்கள் பதிவேட்டில் ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை. பிழையே நடக்கவில்லை என்று நம்ப நான் தயாராக இல்லை.

பிற்பாடுதான் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளரைப் பற்றிப் படித்தேன். 1990களில் அவர் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். வந்த விவரமோ தலைகீழாக இருந்தது: நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பிழை கூடுதலாக நடக்கவில்லை. நடந்ததைச் சொல்ல ஆட்கள் அஞ்சவில்லை, அவ்வளவுதான். எங்கள் வெற்றுப் பதிவேடு உடனே என் கண்முன் வந்தது.

ஆகவே மாணவர்களே, உங்கள் அடுத்த கழகக் கூட்டத்தில் பாராட்டு நேரம் வைப்பதாக இருந்தால், வட்டமாகச் சுற்றிவரும் அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பேன். சொல்ல ஒன்றும் இல்லாதவர் பேசாமல் இருக்கட்டும். விகிதம் எண்ண வேண்டாம். "என் அளவு தவறு, அட்டவணையில் மூன்றாம் வரியை அடித்துவிடுங்கள்" என்று ஒருவர் எழுந்து சொன்னால், அன்றைக்குப் பேர் சொல்லிப் பாராட்ட வேண்டியவர் அவர்தான். அது கூச்சமாகத்தான் இருக்கும். படிவம் நான்கில் படிக்கும் பையன் தன் நண்பனை நேருக்கு நேர் பாராட்டுவது அவ்வளவு லேசான காரியமா? வாயால் வராவிட்டால் புலனத்தில் இரண்டு வரி அனுப்பினாலும் போதும்.

அந்தப் பெண் ஆண்டு முடியுமுன் வேலையை விட்டுப் போய்விட்டாள். அன்று அவள் சொன்ன தொகுதியைச் சனிக்கிழமைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்தது நான். இரண்டாவது நிமிடத்தில், விரல் நுனியில், நான்கு கையுறைகள் ஒழுகின. அதை அவளிடம் நான் சொல்லவே இல்லை.