பஸ் பாதையா, லைட் ரயிலா? ஒட்டாவா எங்கே சிக்கியது?

கனடாவின் ஒட்டாவா நகரம் 1983-லேயே பஸ்ஸுக்கென்று தனிப் பாதை திறந்தது. பெயர் 'டிரான்ஸிட்வே'. புறநகரில் வீட்டுப் பக்கம் ஏறினால் போதும், அதே பஸ் தனிப் பாதையில் புகுந்து நகர மையத்தில் இறக்கிவிடும். வண்டி மாறுற வேலையே இல்லை.

சிக்கல் மையத்தில்தான். ஆல்பர்ட், ஸ்லேட்டர் தெருக்களில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று பஸ்கள் வரிசை கட்டின. இன்னும் பஸ் விட்டால் வரிசைதான் நீளும்.

அதனால் 2019 செப்டம்பரில் 12.5 கி.மீ. லைட் ரயில் வந்தது, மையத்தில் சுரங்கத்தோடு. செலவு சுமார் 210 கோடி கனடா டாலர். உண்மையில் ரயில் தேவைப்பட்டது மையத்துக்குத்தான். புறநகர்க்காரர்களுக்குக் கிடைத்தது நடுவழியில் இறங்கி மாறும் அலைச்சல். 2021-ல் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ரயில் தடம் புரண்டது. இரண்டாவது முறை கிட்டத்தட்ட 2 மாதம் ஓடவில்லை. அதுவரை ஆட்களை ஏற்றிப் போனது மாற்று பஸ்கள்.