'ஜவ்வு கிழிஞ்சிருக்கு' சரி... எந்த ஜவ்வு?

நீரோடியில் இருந்து இரயுமன்துறை வரை சாயங்காலம் கடற்கரையோரம் போய்ப் பாருங்கள், பந்து உருளாத ஊரே இருக்காது. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இங்கிருந்து ஐ.எஸ்.எல். வரை போனவர். 2020 நவம்பரில், ஏ.டி.கே. மோகன் பகானுக்காக சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்த சீசன் அவருக்கு அதோடு முடிந்தது. கிளப் வீரருக்கு டாக்டரும் பிசியோவும் உடனே ஓடி வருவார்கள். ஊர் கிரவுண்டில் விழுந்த பையனுக்குக் கிடைப்பது, "மக்கா, நாலு நாள் எண்ண போட்டு கெட்டினா சரியாவும்லே" என்ற ஆறுதல்தான்.

அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். வர்ம ஆசான் கட்டிவிட்டு எழுந்து நடந்தவர்கள் குமரி மாவட்டத்தில் ஏராளம். காரணம் இருக்கிறது. முழங்காலின் உள்பக்கவாட்டுத் தசைநார் மூட்டுக்கு வெளியே, நல்ல ரத்த ஓட்டத்தோடு இருப்பது. அசையாமல் வைத்தால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். மூட்டுக்கு நடுவில் இருக்கும் ஏ.சி.எல். அப்படியல்ல. முழுசாக அறுந்தால், மூட்டுத் திரவத்தில் ரத்தம் உறைந்து முனைகளை ஒட்டவைப்பது கடினம். சவ்வட்டை எனப்படும் மெனிஸ்கஸ் மூன்றாவது ரகம். நாம் மூன்றையும் 'ஜவ்வு' என்கிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

சரி, ஸ்கேன் எதற்கு? ஏ.சி.எல். அறுந்ததை அனுபவமுள்ள டாக்டர் காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். என் கருத்து, எம்.ஆர்.ஐ.யின் பெரிய பயன் 'அறுந்ததா' என்பதில் இல்லை, 'எப்படிச் சரிசெய்வது' என்பதில் இருக்கிறது.

அறுந்ததைத் தைப்பதில்லை, பெரும்பாலும் புதுசு வைக்கிறார்கள். தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச்சிப்பிக்குக் கீழிருந்தோ நார் எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துவார்கள். அந்தத் துளையின் இடம்தான் உயிர்நாடி. சில மில்லிமீட்டர் மேலே போனால் நார் செங்குத்தாக நிற்கும். கால் முன்னால் நழுவாது, ஆனால் திரும்பும்போது 'விட்டுப்போகும்'. இந்த சர்ஜரி தோற்பதற்குத் துளை இடம் மாறுவது முக்கியமான காரணம். இயற்கையான நார் ஒட்டியிருந்த அதே தடத்தில் வைக்கவேண்டும், அந்தத் தடம் ஆளுக்கு ஆள் மாறும் என்று விடாமல் சொன்னவர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பணியாற்றி 2021ல் மறைந்த டாக்டர் ஃப்ரெடி ஃபூ.

அந்தத் தடம் எவ்வளவு நீளம், எலும்பு இடுக்கு எவ்வளவு அகலம் என்பதை ஸ்கேனில் அளக்கலாம். எடுக்கப்போகும் நாரின் பருமனையும் முன்கூட்டியே கணிக்கலாம். 8 மி.மீ.க்குக் குறைந்தால், அதுவும் இளவயதுக்காரருக்கு, மறுபடி அறுபடும் ஆபத்து கூடும். அப்போது வேறு இடத்து நாரை யோசிக்கலாம். கூடவே வெளிப்பக்க மூலையில் ஒரு கிழிசல் கண்ணில் படாமல் போனால், புது நார் அத்தனை பாரத்தையும் தாங்கித் தோற்றுவிடும்.

ஆனால் நம் கையில் வருவது என்ன? 'ஏ.சி.எல். முழு கிழிசல்' என்று ஒரு வரி ரிப்போர்ட். அதை போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஆபரேஷன் எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறோம். படத்தைப் பார்க்காமல் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துத் தேதி குறித்தால், எனக்கு உடன்பாடில்லை.

ஸ்கேனும் தெய்வமல்ல. மெனிஸ்கஸின் பின்ஓரத்துச் சின்னக் கிழிசல்கள் அதில் தப்பிவிடும், ஆபரேஷனில் கேமரா உள்ளே போனால்தான் தெரியும். அறுந்த எல்லாருக்கும் சர்ஜரி வேண்டும் என்றும் இல்லை. டெக்னோபார்க்கில் உட்கார்ந்து வேலை, ஓடித் திரும்பும் விளையாட்டு வேண்டாம் என்பவர், கால் விட்டுப்போகாவிட்டால் பிசியோதெரபியிலேயே சமாளிக்கலாம். சனிக்கிழமை டர்ஃபுக்குப் போயே ஆகணும் என்றால் கதை வேறு.

சர்ஜன் முன் உட்காரும்போது இரண்டு கேள்வி போதும்: "டாக்டர், படத்தை நீங்க பார்த்தீங்களா? எந்த நாரை எடுக்கப்போறீங்க, ஏன்?" பழைய சி.டி.யைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு அதே கால் மறுபடி விட்டுப்போனால், முதல் படம் இருந்தால்தான் எது பழைய காயம், எது புதுசு என்று பிரித்துப் பார்க்க முடியும்.