தனிமேதை என்னும் கட்டுக்கதை

கலைஞரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த கதையையே எழுதுகின்றனர். கலைஞன் வறுமையிற் பிறப்பான்; உலகியல் அறியான்; மதுவும் பித்தும் அவனை ஆட்கொள்ளும்; ஈற்றில் யாருடைய துணையுமின்றி அமர சிருட்டி ஒன்றைத் தந்துவிட்டு மறைவான். நவீன இந்தியச் சிற்பத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ராம்கிங்கர் பைஜ் (1906–1980) பற்றியும் இவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. இக்கதை சுவையானது, ஆனால் பொய்யானது. அது பொய் என்பதிலும் பார்க்க, யாருக்கு வசதியான பொய் என்பதே இங்கு ஆராயப்படவேண்டியதாகும்.

வங்காளத்தின் பாங்குராவில், சவரத் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்திற் பிறந்தவர் ராம்கிங்கர். அவ்வூரில் மண்ணாற் பிரதிமை செய்வோரைப் பார்த்தே அவருடைய கை முதலிற் பழகியது. ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் தேசியத் தலைவர்களின் உருவங்களைத் தீட்டினார். பத்திரிகையாசிரியர் ராமானந்த சட்டர்ஜியின் கண்ணிற் பட்டு, 1925 ஆம் ஆண்டில் சாந்திநிகேதனத்தின் கலாபவனத்தை அடைந்தார். 'பிறவி மேதை' என்று கைகூப்புவோர், அந்தப் பிரதிமைக் கலைஞரையும் வழிகாட்டிய பத்திரிகையாளரையும் ஒருங்கே மறந்துவிடுகின்றனர்.

கலாபவனத்தில் அவர் கண்டது தனிமையையன்று. அங்கு நந்தலால் போஸ் ஆசிரியராக இருந்தார். வினோதவிகாரி முகர்ஜி மூத்த தோழராக இருந்தார். 1930களின் நடுப்பகுதியில் எழுந்த 'கருப்பு வீடு' என்னும் மாணவர் விடுதியை நோக்குக. மண்ணால் எழுப்பித் தார் பூசப்பெற்ற அதன் சுவர்களிலுள்ள புடைப்புச் சிற்பங்கள் ஆசிரியரும் மாணவரும் கூடிச் செய்தவை. தாகூருக்கென 1935 இல் அமைந்த 'சியாமளி' என்னும் மண்வீட்டின் சுவர்களும் அவ்வாறே உருப்பெற்றன. அதே ஆண்டில் ராம்கிங்கர் நெடிய, மெலிந்த பெண்ணுருவொன்றை மரங்களிடையே அமைத்தார். அதன் தலையிற் பாயசக் கலமொன்றை வைக்குமாறு நந்தலால் யோசனை கூறினார் என்பர். அக்கலம் ஏறியதும் பெயரற்றிருந்த அப்பெண், புத்தருக்கு அமுதளித்த சுஜாதை ஆனாள். மாணவனின் உருவும் ஆசிரியனின் எண்ணமும் ஒன்றிய இப்படைப்பினை எந்தத் தனிமேதையின் கணக்கில் வரவு வைப்பது?

1938 ஆம் ஆண்டின் 'சந்தால் குடும்பம்' இக்கேள்வியை மேலும் கூர்மையாக்குகின்றது. காவடித்தண்டின் கூடையிற் குழந்தையைச் சுமந்து செல்லும் ஆண், பக்கத்தே நடக்கும் பெண், உடன் செல்லும் நாய் என வாழ்விடம் பெயரும் ஓர் உழைப்பாளர் குடும்பம், அதுகாலவரை தெய்வங்களுக்கும் அரசர்களுக்கும் ஆளுநர்களுக்கும் உரியதாயிருந்த பேருருவில் திறந்தவெளியில் நிறுத்தப்பட்டது. வெண்கலத்துக்குப் பணம் இருக்கவில்லை. எனவே இரும்புக் கம்பிச் சட்டகத்தின்மீது சீமெந்தும் செம்மண் சரளையும் கலந்த கலவை அறையப்பட்டது. சீமெந்து கலைஞனின் மனநிலைக்காகக் காத்திருப்பதில்லை. சில மணி நேரத்தில் இறுகிவிடும். ஆகவே கலவை குழைப்பவரும் எடுத்துக் கொடுப்பவரும் சாரம் கட்டுபவரும் இன்றி இத்தகைய சிற்பம் எழாது. ஆலைச் சங்கொலி கேட்டு ஓடும் பெண்களைக் காட்டும் 1956 ஆம் ஆண்டுச் சிற்பத்துக்கும் இது பொருந்தும். அவற்றின் கரடுமுரடான மேற்பரப்பினை 'ஆன்மாவின் கொந்தளிப்பு' என வியக்கும் விமர்சகர், அங்கே பொருளின் விலையும் உழைப்பின் வேகமும் பதிந்திருப்பதைக் காண மறுக்கின்றனர்.

வினோதவிகாரியின் வாழ்வும் இதற்குச் சான்று பகரும். பிறவியிலேயே பார்வை குன்றியிருந்த அவர், 1946–47 இல் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால ஞானியரைத் தீட்டியபோது மாணவர்கள் உடன் உழைத்தனர். 1950களின் பிற்பகுதியிற் பார்வையை முற்றாக இழந்த பின்னரும் 1972 இல் ஓட்டுச் சுவரோவியமொன்றைப் படைத்தார். பிறர் கண்களும் கைகளும் துணைநின்றமையாலன்றோ அது கைகூடியது!

'அவ்வாறாயின் தனித்திறமை என ஒன்று இல்லையா?' என நண்பர்கள் வினவலாம். உண்டு. கருப்பு வீட்டில் உழைத்த அனைவரும் ராம்கிங்கர் ஆகிவிடவில்லை. கூட்டுறவு திறமையைப் படைத்துவிடும் என்பது எமது வாதமன்று. கூட்டுறவின்றித் திறமை கல்லாகவோ சீமெந்தாகவோ உருப்பெறாது என்பதே வாதம். சாந்திநிகேதனத்தைச் சொர்க்கமாக்கவும் நாம் விரும்பவில்லை. சிற்பத்தில் நடக்கும் சந்தால் மக்களின் பெயர்கள் அங்கும் கல்லிற் பொறிக்கப்படவில்லை.

இனி, இப்பொய் யாருக்கு வசதியானது என்பதற்கு வருவோம். 1970 இல் இந்திய அரசு ராம்கிங்கருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1975 இல் ரித்விக் கட்டக் அவரைப் பற்றி எடுக்கத் தொடங்கிய ஆவணப்படம் முற்றுப்பெறவில்லை. மழைக்கு ஒழுகிய கூரையை மறைக்கத் தம் ஓவியச் சீலைகளையே அவர் பயன்படுத்தினார் என்ற செய்தி அப்படத்தையொட்டிப் பரவலாகப் பேசப்படுவது. அதனைச் சொல்வோர் புன்னகையுடனேயே சொல்கின்றனர்: 'பாருங்கள், எத்தகைய பற்றற்ற பித்தர்!' ஒழுகும் கூரை பித்தின் அடையாளமன்று. கூரை வேயப் பணமில்லை என்பதன் அடையாளம். கலைஞனைத் துறவியாக்கிவிட்டால் அவனுக்குக் கூலி கொடுக்கவேண்டியதில்லை. தனிமேதையாக்கிவிட்டால் அவனுடன் உழைத்தவருக்குப் பெயர் கொடுக்கவேண்டியதில்லை. விருது வழங்கும் அரசுக்கும் படைப்பை விலைபேசும் வணிகருக்கும் மலர் வெளியிடும் நமக்கும் இவ்விரண்டும் மலிவானவை.

ஆம், நமக்கும் தான். பல்கலைக்கழகத்திற் கலைவரலாறு பயில்வோர் பாணி, தாக்கம், தத்துவம் என எழுதுவதோடு அமைந்துவிடுகின்றோம். ஒரு சிற்பியைப் பற்றி அடுத்த கட்டுரை எழுதுமுன், கலவையைக் குழைத்தவர் யார், பொருளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, வேலை நின்றபோது தோள்கொடுத்தவர் யார் என்பவற்றைக் கேட்டறிந்து எழுதுவோமாக. ராம்கிங்கரும் வினோதவிகாரியும் 1980 ஆம் ஆண்டில், சில மாத இடைவெளியில் மறைந்தனர். இருவருக்கும் தனித்தனிப் பீடங்கள் எழுப்பியாயிற்று. அவர்கள் கூடி உழைத்த களத்தின் வரலாற்றை எழுதும் கடமை எஞ்சியிருக்கின்றது.