உற்றவன் சொல்ல வேண்டியது

சென்ற ஆடியில் பல்லடம் சாலையில் நம் வண்டி திணறத் தொடங்கியது. 2018-இல் தயாரான, நாம் இரண்டாம் கையாக வாங்கிய பெட்ரோல் கார் அது. சிக்னலில் நின்றால் எஞ்சின் நடுங்கும். மேடு ஏறினால் வெட்டி வெட்டி இழுக்கும். முகப்பில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு வேறு எரிந்தது. பட்டறைக்குக் கொண்டு சென்றோம். "என்னங்க சார் கம்ப்ளைண்ட்?" என்றார் மெக்கானிக். "வண்டி சரியில்லைங்க" என்றோம். பொத்தாம்பொதுவாக விடை எழுதும் மாணவர்க்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர் தந்த விடை இது.

நான்கு ஸ்பார்க் பிளக்குகள் மாற்றப்பட்டன. இன்ஜெக்டர்கள் கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டன. திராட்டில் பாடியும் சுத்தமாயிற்று. 8,600 ரூபாய் கொடுத்து வந்தோம். நான்காம் நாள் அதே நடுக்கம். சுயநிதிக் கல்லூரி ஊதியத்தில் அத்தொகை எளிதில் மறக்கத் தக்கதன்று. முதலில் கோபம் பட்டறையின் மேல்தான் பாய்ந்தது. இரவு ஆறி அமர்ந்து எண்ணியபோது, அதில் ஒரு பங்கு நம்மையே வந்து சேர்ந்தது.

வகுப்பறையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் குறளின் 'மருந்து' அதிகாரத்தை நடத்தி வருகிறோம். நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன்பின் தணிக்கும் வழியைத் தேடச் சொல்லும் குறளை அனைவரும் அறிவர். அதே அதிகாரத்தின் இறுதிக் குறளை அவ்வளவாகப் பேசுவதில்லை. மருத்துவம் நான்கு கூறுகளால் ஆனது என்னும் அக்குறள், அவற்றுள் முதற்கூறாக நோயுற்றவனையே வைக்கிறது. அவனுக்கு வேண்டிய தகுதிகளை எண்ணும் பரிமேலழகர், பொருளுடைமை, மருத்துவன் சொல்வழி நிற்றல், மருந்தின் துன்பத்தைப் பொறுத்தல் ஆகியவற்றோடு நோயின் நிலையை எடுத்துரைக்கும் வல்லமையையும் சேர்க்கிறார். நாம் பொருள் கொடுத்தோம், சொன்னபடி கேட்டோம், துன்பமும் பொறுத்தோம். எஞ்சிய தகுதிதான் நம்மிடம் இல்லை.

அத்தகுதியை நமக்குக் காட்டியவர் நம் மாணவர் ஒருவரின் தந்தை. பனியன் கம்பெனியொன்றில் வட்டப் பின்னல் எந்திரங்களைப் பார்க்கும் ஃபிட்டர். துணியில் குறை விழுந்தால் அவர் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. முதலில் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார். கோடு நீளவாக்கில் ஓடினால் ஊசியைத் தேடுகிறார். குறுக்குவாக்கில் பட்டை பட்டையாக விழுந்தால் நூலையும் அதன் இழுவிசையையும் ஐயுறுகிறார். எந்திரத்தைத் திறக்குமுன் அது தன் குறையை எழுதிவைத்த ஏட்டைப் படித்துவிட வேண்டும் என்பது அவர் முறை. ஏடு படிப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு அது தோன்றவில்லை.

பாரத் ஸ்டேஜ் 4 விதிக்கு உட்பட்ட கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனைகள் கொண்ட ஒரு துளைப்பெட்டி உண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓபிடி கருவியை அதில் செருகினால், வண்டியின் கணினி பதிந்து வைத்த குறியீடு கைப்பேசியில் தெரியும். நமக்குத் தெரிந்தது பி0301: முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். குறியீடு சொல்வது இடத்தைத்தான், காரணத்தையன்று. பிளக், காயில், இன்ஜெக்டர், அழுத்தக் குறைவு எதுவும் காரணமாகலாம். இங்கேதான் பலர் பாகங்களை வாங்கி ஏமாறுகிறார்கள். நம் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உண்டு. எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, முதல் காயிலையும் இரண்டாம் காயிலையும் இடம் மாற்றினோம். பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டியபோது பி0302 வந்தது. குறை காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. எனவே குற்றவாளி காயில்தான்.

அதே மெக்கானிக்கிடம் சென்று இதைச் சொன்னோம். பத்து நிமிடத்தில் புதிய காயிலைப் பொருத்தினார். "இதை முதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா அந்தச் செலவே வந்திருக்காதுங்க சார்" என்றார். உண்மை. அவர் முதலிலேயே குறியீட்டைப் படித்திருந்தாலும் வந்திருக்காது என்பதும் உண்மை. ஊகித்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் முறைக்கு விலை கொடுப்பவர் வண்டிக்காரரே. ஆகவே, 'எந்தச் சோதனையில் இது தெரிந்தது?' என்று கேட்பதும், கழற்றிய பாகத்தைக் காட்டச் சொல்வதும் அவமதிப்பாகா. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளத்தைத் தொடங்கியபோது வாகனங்களையும் அதில் சேர்த்தது. பழுது பற்றிய அறிவு உடையவர்க்கும் உரியது என்பதே அதன் அடிப்படை.

கருவி இல்லாதவரும் கவனிக்கலாம். குறை குளிர்ந்த எஞ்சினிலா, சூடேறிய பின்னா? மேட்டிலா, நிற்கும்போதா? கரும்புகை மிகுபெட்ரோலையும், நீலப்புகை எரியும் ஆயிலையும், நீங்காத வெண்புகை எஞ்சினுள் கசியும் குளிர்நீரையும் ஐயுறச் செய்யும். சாவி திருப்பியதும் டிக் டிக் என்ற ஒலி மட்டும் வந்தால் பேட்டரி முனைகளை முதலில் பார்க்கலாம். எல்லையும் உண்டு. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் ஆகாது. ஆயில் விளக்கு சிவந்தாலோ, எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ வண்டியை நிறுத்திவிட வேண்டும். பிரேக், பெட்ரோல் குழாய், ஏர்பேக் ஆகியவை தேர்ந்த கைகளுக்கே உரியவை.

படித்தவர்க்கு ஸ்பேனர் எதற்கு என்று நண்பர்கள் சிரித்தார்கள். 1893-இல் சூலூர்ப் பக்கம் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, உழைத்து வாங்கிய ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டித்தான் எந்திரம் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டார். நாயுடு ஆகச் சொல்லி யாரையும் நாம் வற்புறுத்தவில்லை. ஆனால் கையறிவும் ஏட்டறிவும் ஒன்றையொன்று தீண்டாமல் இருப்பதைப் பெருமையாகக் கொண்டது இம்மண்ணின் வழக்கமன்று. நம் போன்ற வாத்தியார்கள் கொணர்ந்தது.

இப்போது காரின் முன்பெட்டியில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். எப்போது, எங்கே, எப்படிக் குறை தோன்றியது என்று எழுதி வருகிறோம். அடுத்த முறை "என்னங்க சார் கம்ப்ளைண்ட்?" என்ற வினாவுக்கு முழு மதிப்பெண் பெறும் எண்ணம் உண்டு.