"வரை" எண்டொரு சொல்

டயல்-அப்பின் 56 கேபிபிஎஸ்ஸோட மாரடிச்சது போதும் எண்டுதான் ஏடிஎஸ்எல் எடுத்தம். விளம்பரத்தில் "8 எம்பிபிஎஸ் வரை". அந்த "வரை"க்குள்தான் முழு ஏமாற்றும் கிடக்குது.

ஏடிஎஸ்எல் ஓடுவது அதே பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியில். எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி நீள நீள சமிக்ஞை தேயும். 5 கிலோமீற்றர் தாண்டினால் இணைப்பே தடுமாறும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டில் வேகம். ஊர் எல்லையில் படிக்கிற பிள்ளைக்கு மொடத்தில் மினுங்குற லைட் மட்டும். மாதக் கட்டணமோ இரண்டு பேருக்கும் ஒண்டு!

பௌதிகவியலில் பழியைப் போடாதேங்கோ. லைனைச் சோதித்து, "உங்கட வீட்டுக்கு இவ்வளவுதான் வரும்" எண்டு காசு வாங்க முன்னமே சொல்லலாம். தாங்களாச் சொல்ல மாட்டினம். படிவத்தில் கையெழுத்து வைக்க முதல் நாங்கள்தான் கேட்க வேணும்: "என்ர லைனுக்கு எவ்வளவு? எழுத்தில தாங்கோ."