கண்காட்சிப் பன்றியும் காய்ச்சலும்

2012 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் 12 மாநிலங்களில் 309 பேரை எச்3என்2வி என்னும் பன்றி இன்புளுவென்சா பீடித்தது. ஒகையோவில் ஒருவர் இறந்தார். தொற்றுக்கு உள்ளானோரில் பெரும்பாலோர் சிறுவர்கள். விவசாயக் கண்காட்சிகளில் பன்றிகளோடு பழகியவர்கள்.

நோயுற்ற பன்றியை உள்ளே விடாவிட்டால் போதும் என்பது வெறும் கண்துடைப்பு. தொற்றிய பன்றி பலவேளை இருமுவதுமில்லை, தும்முவதுமில்லை. பல பண்ணைகளின் பன்றிகளை ஒரே கொட்டகையில் நாட்கணக்கில் அடைத்துவைத்தால் வைரசு பரவாமல் என்ன செய்யும்? 2009 இல் உலகையே உலுக்கிய எச்1என்1 வைரசும் பன்றிகளிடமிருந்து வந்ததுதான்.

பன்றிகளை 72 மணித்தியாலத்துக்கு மேல் காட்சிக்கு வைக்க வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். வெறும் பரிந்துரை போதாது. அது சட்டமாக வேண்டும். ஒரு வாரக் களியாட்டத்துக்காகப் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமையில்லை.