குளத்தைக் காக்க மருந்து மட்டும் போதுமா?

மலேசியாவில் வீடமைப்புப் பகுதிகளை ஒட்டிக் குளங்களும் ஏரிகளும் நிறைய உள்ளன. அவற்றுள் பல, ஒரு காலத்தில் ஈயம் தோண்டப்பட்ட குட்டைகள். 1880ஆம் ஆண்டில் உருவான தைப்பிங் ஏரிப் பூங்காவும் அத்தகைய ஈயக்குட்டைகளிலிருந்து பிறந்ததே. மக்கள் மாலையில் நடைபயிலவும் தூண்டில் போடவும் இந்நீர்நிலைகள் இடமளிக்கின்றன. கனமழையின்போது வெள்ளநீரையும் தாங்கிக்கொள்கின்றன. எனினும், இவற்றுள் சில பாசி படர்ந்து பச்சைக் குழம்பாகிவிடுகின்றன. சில ஆகாயத் தாமரையால் முற்றிலும் மூடப்படுகின்றன. அப்போது குடியிருப்பாளர்களிடையே எழும் முதல் குரல், “மருந்து தெளியுங்கள்!” என்பதே. அக்குரல் இயல்பானதுதான். ஆனால், அது நிலையான தீர்வாகாது.

பாசியும் களையும் காரணமின்றிப் பெருகுவதில்லை. நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய சத்துகள் நீரில் மிகும்போதே அவை கட்டுக்கடங்காமல் வளர்கின்றன. ஒரு கிலோகிராம் பாஸ்பரஸ், சில நூறு கிலோகிராம் பாசியை வளர்க்கவல்லது. தோட்டங்களுக்கு இடும் உரம், உணவுக்கடைகளின் கழிவுநீர், வெட்டிக் கால்வாயில் தள்ளிய புல், மீன்களுக்கு அள்ளி வீசும் ரொட்டி ஆகிய அனைத்தும் இறுதியில் குளத்தையே அடைகின்றன. குளிர்காலமே இல்லாத நம் நாட்டில் இவ்வளர்ச்சிக்கு ஓய்வும் இல்லை. சத்து மிகுந்த நீரில் ஆகாயத் தாமரை ஏறக்குறைய இரண்டு வாரங்களில் இருமடங்காகிவிடும். தேசிய நீரியல் ஆய்வுக் கழகம் 2005ஆம் ஆண்டில் 90 ஏரிகளின் நிலையை ஆராய்ந்தது. அவற்றுள் 60 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை சத்து மிகுந்து சீர்கெட்டிருந்தமை தெரியவந்தது.

இந்நிலையில் மருந்து தெளிப்பதால் என்ன நேர்கிறது? மயில்துத்தம் போன்ற மருந்துகள் பாசியை விரைவில் கொல்லும் என்பது உண்மையே. ஆயினும், மடிந்த பாசி அடியில் படிந்து அழுகத் தொடங்கும். அதனைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளந்து தவிப்பதும் செத்து மிதப்பதும் இதனால்தான். அதோடு, அழுகிய பாசியிலிருந்த சத்துகள் மீண்டும் நீரிலேயே கலந்து அடுத்த பாசிக்கு உணவாகின்றன. மயில்துத்தத்தில் உள்ள செம்போ மறைவதில்லை. அது சேற்றில் சேர்ந்து நத்தை போன்ற உயிரினங்களுக்குத் தீங்கிழைக்கிறது.

களையை உண்ணும் புல் கெண்டை மீன்களை விட்டால் போதும் எனச் சிலர் கருதுகின்றனர். அளவோடு விட்டால் அவை உதவும். அளவுக்கு மிஞ்சி விட்டாலோ, அவை நீர்த்தாவரங்கள் அனைத்தையும் தின்று தீர்த்துவிடும். தாவரங்கள் எடுத்துக்கொண்டிருந்த சத்துகள் மீன்களின் கழிவாக நீரில் கலக்க, களை போன இடத்தில் பாசி வந்து நிற்கும்.

அப்படியாயின், இயற்கையை அதன் போக்கிலேயே விட்டுவிடலாமா? அதுவும் தவறே. மான்சோனியா வகைக் கொசுவின் புழுக்கள் நீர்த்தாவரங்களின் வேரில் ஒட்டிக்கொண்டே சுவாசிக்கின்றன. யானைக்கால் நோயைப் பரப்பக்கூடிய அக்கொசுவுக்குக் களை மண்டிய குளம் நல்ல புகலிடமாகிவிடும். எனவே, களையை அகற்றத்தான் வேண்டும். அகற்றும் முறையில்தான் கவனம் தேவை. வாரி எடுத்த களையைக் கரையிலேயே குவித்தால், அதன் சாறு மழையில் கரைந்து குளத்திற்கே திரும்பும். அதைத் தொலைவிற்குக் கொண்டுசென்று மட்கிய உரமாக்கினால், களையோடு சத்தும் வெளியேறும். நிலைமை மிக மோசமானால் மட்டுமே, குளத்தின் ஒரு சிறு பகுதியில் மருந்தைப் பயன்படுத்தலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, சத்து குளத்தை அடையுமுன்பே அதனைத் தடுக்க வேண்டும். இதற்குப் புத்ராஜெயா நல்ல சான்று. ஏறத்தாழ 400 ஹெக்டர் பரப்புள்ள அதன் ஏரியைக் காக்க, 1990களின் பிற்பகுதியில் செயற்கை ஈரநிலம் அமைக்கப்பட்டது. மேற்பகுதியிலிருந்து வரும் நீர், நாணலும் கோரையும் வளரும் 24 பகுதிகளின் வழியாக மெல்லக் கடந்து செல்லும்போது, அதிலுள்ள சத்துகளைத் தாவரங்கள் ஈர்த்துக்கொள்கின்றன. எல்லாக் குளங்களுக்கும் இத்துணைப் பெரிய ஏற்பாடு இயலாது. ஆனால், கால்வாய் வந்து சேரும் இடத்தில் ஒரு நாணல் வரிசையை வளர்ப்பது ஊராட்சி மன்றத்தால் இயலக்கூடியதே.

இவ்வழி மெதுவானது. சேற்றில் ஏற்கெனவே படிந்துள்ள சத்துகள் தீரச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். மருந்து தெளித்த மறுவாரமே நீர் தெளிவதைக் கண்டு பழகியவர்களுக்கு இப்பொறுமை கடினமே. எனினும், மரத்தின் வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுவதால் பயன் விளைவதில்லை. குளத்தைத் தூய்மையாக்கும் பணி குளக்கரையில் தொடங்குவதன்று. ஒவ்வொரு வீட்டின் பின்புறக் கால்வாயில் தொடங்குவது. இதனை உணர்ந்து செயல்படும் குடியிருப்பாளர்களே தங்கள் குளத்தைக் காக்க வல்லவர்கள்.